பதினோரு காலன்

தபாலில் வந்த உறையைத் திறக்க
நோலாவுக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது.
வெண்ணெய் தடவும் கத்தியால் கிழித்தாள்.

லாரி பச்சை என்றான் கிளாரி.
சாம்பல் நிறம், உள்ளே செம்மறி நாற்றம், என்றாள் மெர்ல்.
கிட்டத்தட்ட என் வயது இந்தச் சண்டைக்கு.
நான் அந்த லாரியில் ஏறவில்லை.
ஏறிய அம்மாவின் வயிற்றிலும் இல்லை,
அது வந்துபோய் மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள்.
ஆனாலும் அந்தத் தார்ப்பாயின் வாசம் எனக்குத் தெரியும்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

நகலெடுத்த காகிதங்கள்.
அம்மாவின் பெயர், மூன்று இடத்தில் மூன்று விதத் தப்பு.
'இருபத்தேழு பேர். விருப்பத்துடன் வந்தனர்.'
மெர்ல் அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள்,
நல்ல நகைச்சுவையை மறுபடி கேட்பவள் போல.
'நாய்கள் ஐந்து. அப்புறப்படுத்தப்பட்டன.'
கிளாரி எழுந்துபோய்க் குழாயைத் திறந்தான்,
குடிக்காமலே மூடினான்.

எனக்கு ஊர் என்றால்
அரசாங்கக் குடியிருப்பின் ஒன்பதாம் எண் தகரக் குடிசை.
வெள்ளிக்கிழமை மாவு, தேயிலை, சர்க்கரை.
மேலாளரின் மனைவி கையுறை போட்டுக்கொண்டு வந்து
படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள்.
அவள் மூன்றாம் குடிசையில் கால் வைத்ததும்
தகரச் சுவரில் யாரோ தட்டுவார்கள்,
நாலு, அஞ்சு, ஆறு என்று சத்தம் தாவி வரும்.
முதலில் நிறம் வெளுத்த பிள்ளைகள் புதருக்குள் ஓட வேண்டும்.
அப்புறம்தான் அழுக்குத் துணி.
நான் முதலில் ஓடியவள்.

கதவு என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகமில்லை.
ஜன்னலை உடைத்தால் ஐந்தில் அடி, ஆறில் திட்டு,
ஏழில் வெரீனா அத்தை சாம்பல் தட்டித் தரும் ரொட்டி,
மேலே கருப்பட்டி நிறத்தில் பாகு.
பதின்மூன்று அம்மாக்கள் எனக்கு.
பெற்றவள்தான் அவர்களில் குறைவாகப் பேசியவள்.

எங்கள் பாஷைக்குத் தடை.
துவைக்கும் கொட்டகையில், கொப்பரை கொதிக்கும் இரைச்சலுக்கு அடியில்,
பெண்கள் அதைப் பேசிக்கொள்வார்கள்.
ஆவிக்குள் பொறுக்கிய நாலைந்து சொற்கள் என்னிடம் உண்டு.
இங்கே எழுதமாட்டேன்.
என்னுடையவை என்றால் கொடுத்துவிடலாம்.

கடைசியில் ஒரு ரசீது.
பெட்ரோல், பதினோரு காலன், போகவர.

கிளாரி முப்பது வருடம் லாரி பழுதுபார்த்தவன்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.
அந்தக் காலத்து வண்டி, காலனுக்குப் பத்து மைல்.
உறையின் முதுகில் கணக்குப் போட்டான்,
அடித்தான், மறுபடி போட்டான்.
ஒரு வழிக்கு ஐம்பத்தைந்து.

'ரெண்டு ராத்திரி போனோமே' என்றாள் மெர்ல்.
'போலீஸ் கொட்டடியில் பூட்டி வைத்தார்களே,
அதையும் பயணமென்று எண்ணிவிட்டாய்' என்றாள் நோலா.

ஐம்பத்தைந்து மைல்.
பல் பிடுங்க அதைவிடத் தூரம் போயிருக்கிறேன்.
எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர் என்பதால்
கடலுக்கு அந்தப் பக்கம் என்றே நினைத்திருந்தோம்.
அம்மா துணி உலர்த்தும்போது
எப்போதும் வெயிலைப் பார்த்தே நிற்பாள், கண் கூசக் கூச.
'இந்தப் பக்கம் வந்து நில்லேன்' என்று
கத்துகிறவள் நான்தான்.

கிளாரி டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டான்.
நோலா ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றினாள்,
எட்டுப் பேருக்குக் காணும்.
வரமாட்டேன் என்ற மெர்ல் ஒற்றைச் செருப்போடு
மற்றதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அங்கே இறங்கி என்ன சொல்ல நான்?
திரும்பி வந்தேன் என்று சொல்ல முடியாது.
ஒன்பதாம் எண் குடிசைக்காரி,
ஆக்னஸின் கடைசி,
தண்ணீருக்கு உங்கள் சொல் தெரியும் எனக்கு, கொஞ்சம் தப்பாக.

வண்டியில் ஏறியபின்
ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை,
அறுபதைத் தாண்டிய வயதில்.
'சாம்பல்தான்' என்றாள் மெர்ல், இடம் பிடித்துக்கொண்டு.