எண்பத்தாறு

ப்யூப்லோவில் செப்டம்பர்.
தெருமுனையில் கம்பிக்கூண்டு சுழலச் சுழல
பச்சை மிளகாய் வறுபடுகிறது.
அந்த நெடியையும் மீறி
என் வண்டியின் பின்னாலிருந்து பெட்ரோல் வாடை.

பங்கில் மூன்று பொத்தான்கள்:
எண்பத்தைந்து, எண்பத்தேழு, தொண்ணூற்றொன்று.
மேனுவல் கேட்பதோ எண்பத்தாறு.
எந்தக் குழாயிலும் வராத எண்.

"தொண்ணூற்றொன்றே போடு.
ரேஸ் வண்டிக்குப் போய்க் கஞ்சத்தனமா?" என்றான்
எக்ஸ்ரே அறை எழில்வேந்தன்.
அவன் ஓட்டுவது மினிவேன்.

ஆறு வாரம் போட்டேன்.
சுத்தமாக எரிந்தது காசு மட்டும்.
த்ராட்டிலைத் திறந்தால் ஒரு விக்கல்,
பிறகு ஒரு யோசனை,
அப்புறம்தான் ஓட்டம்.
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்:
மை டப்பாவில் விட்டு எடுத்த விரல்.

ஆக்டேன் என்பது பலம் இல்லை, பொறுமை.
எவ்வளவு நெரித்தாலும்
பொறி வந்து தொடும்வரை வெடிக்காதிருப்பது.
இந்த மேட்டில் காற்றே அரைவயிறு.
நெரிக்க ஆளில்லாத இடத்தில்
அவ்வளவு பொறுமையை வாங்கி
என்ன செய்ய?

இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத ஒரு காலை
இருக்கையைத் தூக்கினேன்.
பேட்டரிக்குப் பக்கத்தில், டேப் சுற்றி,
சோப்பு டப்பா அளவில்
சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது
ஒரு கறுப்புப் பெட்டி.
இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர்களை
நடுவழியில் மறித்து,
கம்ப்யூட்டர் ஒரு கரண்டி என்றால்
இது ஒன்றேகால் என்கிறது.
இலையை மூடிய பின்னும்
ஊற்றிக்கொண்டே போகும் சாம்பார் வாளி.

விற்றவர் கால்வெஸ்டன்காரர், டெல்பர்ட் ப்ரூசார்ட்.
கடல் மட்டத்தில்,
அலறும் சைலன்சர் ஒன்றுக்காக
அவர் எழுதி வைத்த கணக்கு.
விற்கும் முன் அந்தச் சைலன்சரைக் கழற்றிக்கொண்டார்,
கம்பெனி சைலன்சரை மாட்டினார்,
பெட்டியை மறந்துபோனார்.
அன்றிலிருந்து இந்த வண்டி
இல்லாத குழாய்க்குப் பெட்ரோல் அனுப்புகிறது,
இங்கே இல்லாத ஒரு கடற்கரையில்
நிற்பதாக நினைத்துக்கொண்டு.

இன்னும் உள்ளே போனால்
ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர் அநாதையாகத் தொங்குகிறது.
அதன் இடத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு முனை.
கம்ப்யூட்டர் எப்போது கேட்டாலும்
"எல்லாம் சரி" என்பதே அதன் உத்தியோகம்.

இதற்குத்தான் எனக்குக் கை நடுங்கியது.
ஆஸ்பத்திரியில் என் வேலை மூச்சு.
ஒரு விரல் கிளிப்
யார் மாட்டினாலும், எப்போது மாட்டினாலும்
தொண்ணூற்றெட்டு என்றே காட்டியிருந்தால்
யார் யாரை இழந்திருப்போம்.

பெட்டியை எடுத்தேன்.
கம்பெனி எப்படிக் கோத்ததோ
அப்படியே முனையோடு முனை.
சென்சாரை மாட்டினேன்.
எண்பத்தேழு நிரப்பினேன்.
எண்பத்தாறுக்கு மேல் ஒன்று, மொய் மாதிரி.
முதல் இருபது மைல்
வண்டி எதையும் நம்பவில்லை.

வெட்மோர் தாண்டி ஹார்ட்ஸ்க்ராபிள் ஏற்றம்.
வளைவுக்கு வளைவு காற்று இளைக்கிறது.
உள்ளே யாரோ அதைக் கவனித்துக்
கரண்டியைச் சிறிதாக்குகிறார்கள்.
விக்கல் இல்லை.
திறந்த கைக்கு நேர் பதிலாக ஓர் இழுப்பு.

உச்சியில் நிறுத்தினேன், ஒன்பதாயிரம் அடி.
சைலன்சர் டிக் டிக் என்று ஆறுகிறது.
ஜாக்கெட் பையில் ஆஸ்பத்திரி கிளிப் கிடந்தது.
கையுறையைக் கழற்றி
கரி படிந்த விரலை அதில் விட்டேன்.

தொண்ணூற்றொன்று.

படம் எடுத்து எழில்வேந்தனுக்கு அனுப்பினேன்.
சிக்னல் இல்லை.
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.