ததியம்பி

அட்டைக்காகத்தான் முதலில் சொன்னேன்.
மோல்மீன் குடிவரவு அலுவலகம், பாசி நிறச் சுவர்.
மதம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி
ஊ சோ ஞுன் பிடரியைச் சொறிந்தார்:
"பௌத்தம் என்று போட்டால் இன்றைக்கே முடியும்.
இந்து என்றால் அடுத்த வருடம் வா.
அதற்கடுத்த வருடமும் வா."
போட்டார்.
வைரக்கண்ணு மகன் கதிர்வேலன்
மியின்ட் லுவினாக வெளியே வந்தேன்.
மனசாட்சிக்கும் ஒரு ரசீது வேண்டுமே,
எதிர் மடத்தில் மண்டியிட்டு மூன்று முறை சொன்னேன்.

இங்கே 'ச' நாக்கில் நிற்காது, 'த' ஆகிவிடும்.
புத்தம் தரணம் கிச்சாமி.
என் காதில் அது
தரணும், தரணும் என்றே விழுந்தது,
வாசலில் நிற்கும் கடன்காரன் குரலில்.
யார் தரணும், யாருக்கு, எதை?
கேட்கவில்லை. பருப்பு மண்டி திறக்கும் நேரம்.

முப்பது வருடம் நன்றாகவே ஓடியது அந்த மதம்.
பௌர்ணமிக்குச் சோறு, வாசோவில் சீவரம்,
பங்குனியில் முருகனுக்கும் ஒரு பால்குடம்.
யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பிறகு, இரவு எட்டு மணிக்கு ஊரே சட்டி தட்டிப்
பேயோட்டிய வருடம் வந்தது.
மழை பிடித்ததும் சட்டிகள் ஓய்ந்தன.
பேய் ஓயவில்லை.
ஜீப்பில் ஒலிபெருக்கி தெருத்தெருவாய்ப் போனது.
அது பர்மியத்தில் சொன்னதை
என் தலை தமிழில் கேட்டது: சரணடை.
புத்தனிடம் போவதற்கும்
துப்பாக்கியிடம் போவதற்கும்
ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

அன்றிரவு கதவு தட்டப்பட்டது.
ஓங்கி இல்லை. விரல் முட்டியால்,
பழகிய வீட்டில் தட்டுவதுபோல்.
விளக்கை அணைத்தேன்.

துதியம்பி, இரண்டாம் முறையும்.
"ஊலே," என்றது. இன்னும் முழுக்க உடையாத குரல்.
அட்டை அலமாரியில் இருந்தது.
அட்டை அசல்தான், ஆள்தான் போலி.
இரண்டையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.
துவரை மூட்டைகளுக்கு நடுவே
மூச்சை நிறுத்துக்கொண்டு நின்றேன்.

ததியம்பி, மூன்றாம் முறைக்குத் திறப்பதாக இருந்தேன்.
சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.
அல்லது நினைத்ததாக இப்போது நினைக்கிறேன்.
வரவில்லை.
தகரத்தில் மழை. எங்கோ ஒரு நாய்.
ஜீப்பு கியர் மாற்றும் சத்தம்.

தாழ்ப்பாளை எடுத்தேன். படியில் ஒற்றை ரப்பர் செருப்பு.
இடது கால். அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.
குதிகால் தேய்ந்த பள்ளத்தில்
ஒரு கரண்டி மழை.

கச்சாமி என்றால் போகிறேன் என்று அர்த்தம்.
அட்டைக்குச் சொன்ன அன்றே தெரியும் எனக்கு.
முப்பது வருடமாகப் போகிறேன் போகிறேன் என்று
கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

செருப்பைக் கையில் பிடித்து ஊரடங்கில் இறங்கினேன்.
குன்றின் மேல் பொன் கோபுரம்
மின்சாரம் இல்லாமல் கறுத்துக் கிடந்தது.
பெயர் தெரியாதவனை எப்படிக் கூப்பிடுவது?
தம்பி, தம்பி என்று
தமிழில்தான் கூப்பிட்டேன் போலிருக்கிறது.
மார்க்கெட் வரை போனேன். படித்துறை வரை போனேன்.
அவன் கிடைக்கவில்லை. நானும் பிடிபடவில்லை,
அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது இரவில் தாழ் போடுவதில்லை.
போன மாதம் இரண்டு மூட்டை உளுந்து காணாமல் போயிற்று.
"புத்தனா வந்து அளந்து கொடுப்பான்?"
என்று பூரணம் கத்திக்கொண்டிருந்தாள்.
சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள்
கதவிலிருந்து மூட்டைக்கும், மூட்டையிலிருந்து கதவுக்கும்.
நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு கால் மட்டும் வெறுங்காலா என்று.