இரட்டை விசில்

ஒற்றை என்றால் நிற்க.
இரட்டை என்றால் போக.
பதினாறு வருடச் சர்வீஸில்
இதற்கு மேல் ஒரு மொழி
எனக்குத் தேவைப்பட்டதில்லை.

காலை எட்டேகால், கடலூர் முதுநகர் ட்ரிப்.
சிப்காட் நெருங்கினால் ஆட்கள் தாமாகவே
ஷட்டரை இறக்குவார்கள்,
முந்தானையும் கர்ச்சீப்பும் மூக்குக்குப் போகும்.
அதற்குச் சற்று முன்னால் தாழங்காடு கூட்டுரோடு.
பதின்மூன்று பிள்ளைகள், நீலச் சுடிதார்,
ரெட்டை ஜடை, ரிப்பன்.

எல்லாம் பாஸ்.
கலெக்‌ஷனில் ஒரு ரூபாய் ஏறாது,
ஏறி முடிய நாலு நிமிடம் போகும்.
டிரைவர் குணாளன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.
நான் விசிலை வாயில் வைப்பேன்.
ரெண்டு.
நீண்ட கைகள் அப்புறம் என்ன செய்தன என்று
திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்.
குணாளன் அடித்த பிரேக்கில்
அவிச்ச மல்லாட்டைக் கூடை கவிழ்ந்து
படிக்கட்டு வரை உருண்டது.
சாலை நடுவே, வெள்ளைக் கோட்டின் மேல்
ஒரு பெண். பதினைந்து இருக்கும்.
கையில் கணக்கு நோட்டு,
கடைசிப் பக்கம் திறந்தபடி.

பேர் தையல்நாயகி என்பது
பிறகு மெமோவில் படித்துத் தெரிந்துகொண்டது.

"ஜூன் பன்னெண்டு, நிக்கல.
ஜூன் பதிமூணு, நிக்கல.
பதினாலு, தள்ளி நிறுத்தி
நாங்க ஓடி வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்க."

பின்னால் டேங்கர் லாரி அலறியது.
"பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ ஆகாது"
ஜன்னலில் ஒரு தலை.
நோட்டு நடுங்கியது,
இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
குரலை அவள் உயர்த்தவில்லை.
ஹார்ன்தான் ஓய்ந்தது.

"ஜூலை ரெண்டு.
லேட்டுன்னு சுபலட்சுமிய
கேட்டுக்கு வெளிய நிக்க வச்சாங்க.
ஜூலை ஒம்பது.
சுபலட்சுமி இறால் உரிக்கப் போயிட்டா.
ஜூலை இருபத்தொண்ணு.
ரோட்டுல நிக்கிற புள்ளன்னு ஊர்ல பேசுறாங்களாம்,
மேகவர்ஷினிய வீட்டோட வச்சுட்டாங்க."

நோட்டை மூடினாள்.

"விடிகாலை அஞ்சரைக்கு
கம்பெனி வேன் வருது சார்.
அது ஒருநாளும் நிக்காமப் போனதில்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வாயில் விசில் இருந்தது.

மன்னிப்பு கேட்கவில்லை அவள்,
கையெழுத்து கேட்டாள்.
'இன்று நின்றது' என்று எழுதி
பேட்ஜ் நம்பரோடு போடச் சொன்னாள்.
டிக்கெட் பேனா மூன்றாம் கீறலில்தான் எழுதியது.
சின்னப் பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டுக்
கடைசிப் படியில் நின்றாள்.
முதுநகர் வரை யாரும்
அவள் பக்கம் நகரவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

அன்று மாலை கம்பெனி ஏஜென்ட்
அவள் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னார்கள்.
இரண்டு நாள் ஸ்டாப்பில் காணோம்.
மூன்றாம் நாள் நின்றாள்,
இடது கன்னம் தடித்திருந்தது.
நோட்டு புதுசு.

இப்போது தாழங்காட்டில் ஒற்றை.
பதினோரு பேர் ஏறுகிறார்கள்.

போன வாரம் முதல் ட்ரிப்.
இருட்டு பிரியாத நேரம்,
முன்னால் அந்த வேன்.
ஹெட்லைட்டில் பின்கண்ணாடி முழுக்க முகங்கள்,
தூங்கி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி.
எது சுபலட்சுமி என்று தேடினேன்.
ஒருநாளாவது நின்றிருந்தால்
முகம் தெரிந்திருக்கும்.