பஸ் வரல

மூன்று பேர், ஒரு மடிக்கணினி.
அதிலும் ஸ்பேஸ் பாரை ஓங்கி அடிக்க வேண்டும்.
வண்ணார்பேட்டையில் பன்னிரண்டாயிரத்துக்கு
ரெடிமேட் ப்ராஜெக்ட் கிடைத்தது, பைண்டிங்கோடு.
பணம் இல்லாததால்தான் நேர்மையாக இருந்தோம்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தலைப்பு:
ஜங்ஷனிலிருந்து அபிஷேகப்பட்டிக்கு வரும் பஸ்
எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்வது.
டிரைவருக்கே தெரியாத சங்கதி.

எழுபத்தொரு நாள் ஸ்டாப்பில் நின்று குறித்தோம்.
காலையில் நான், மதியம் ஜுலைகா,
கடைசி பஸ்ஸுக்கு இசக்கிராஜ்,
அதில்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.
நோட்டு தீர்ந்த நாளில் டிக்கெட்டின் முதுகில் எழுதினோம்.
ஒரு வியாழக்கிழமையை ஆடு தின்றது.

அட்டவணையில் மூன்று வரிசை காலி.
"மிஸ்ஸிங் வேல்யூ. சராசரியைப் போட்டு நிரப்பு"
என்றார் கைடு, டீயை ஆற்றிக்கொண்டே.
போட்டோம். ஓடியது.
ஆறு ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளும்
பஸ் சரியாக எட்டு நாற்பத்திரண்டுக்கு
வந்து நின்றதாகச் சொன்னது.

இசக்கிராஜ் திரையையே பார்த்தான்.
சீவலப்பேரியில் அன்றைக்கு அவன்
பள்ளிக்கூட மொட்டை மாடியில்,
ஒரு கையில் தங்கச்சி, மறு கையில் கேஸ் ஸ்டவ்.
"எட்டு நாப்பத்திரண்டுக்கு
நான் வந்து எறங்கிருக்கேம்லே" என்றான்.
சிரிக்கத்தான் செய்தான்.

ஜுலைகா ஒன்றும் பேசவில்லை.
வியாழனுக்கு மட்டும் சராசரியை விட்டுவைத்தாள்.
அன்றைக்கு பஸ் வந்தது,
நேரம்தான் ஆட்டின் வயிற்றில் இருக்கிறது.
மற்ற இரண்டையும் மறுபடி காலியாக்கி
நிரலில் ஒரு வரி எழுதினாள்:
# இத நிரப்பாத. பஸ் வரல.

துல்லியம் மூன்று சதவீதம் இறங்கியது.

வைவாவில், நாகர்கோவிலிலிருந்து வந்த தேர்வாளர்
அந்த வரியில் விரலை வைத்தார்.
"இது என்னது?"
மனப்பாடம் செய்த நாற்பது பதில்களில்
இது இல்லை.
"வரலை சார்."
"எது?"
"பஸ்ஸு."
கொஞ்ச நேரம் அவர் பக்கத்தைப் புரட்டவில்லை.
பிறகு கேட்டார்:
"எனக்கு ஜங்ஷனுக்குத் திரும்பணும். எப்போ வரும்?"

தட்டிப் பார்த்தோம். நான்கு பத்து.

நாலு பேரும் ஸ்டாப்பில் நின்றோம்.
நான்கு இருபது.
நான்கு முப்பது.
இசக்கிராஜ் சட்டைப் பையில் பேனாவைத் துழாவினான்,
பழக்கம்.