இருபது நிமிடம்

ஜூன் மாதம் புந்தா அரேனாஸில்
பத்து மணிக்குத்தான் விடியும்.
எட்டுக்கெல்லாம் முதல் பிள்ளையை மயக்கிவிடுகிறோம்.
இருட்டில் கண்மூடி வெளிச்சத்தில் விழிக்கும் பிள்ளைக்கு
ஒரு நாள் எங்கோ களவு போயிருக்கிறது.

மயக்கம் தெளியும் அறையில் எனக்குப் பதினோரு வருடம்.
இடது மணிக்கட்டில் பிறைபோல ஒரு தடம்,
மேலே நான்கு பல், கீழே மூன்று.
மகாரெனா. வயது மூன்றரை. டான்சில்.

கண் திறந்திருந்தது, பார்வை திறக்கவில்லை.
குனிந்த அம்மாவை
'நீ இல்லை, நீ இல்லை' என்று உதைத்தாள்.
செருப்பு வேண்டும் என்றாள்.
போட்டதும், கழற்று.
தண்ணீர். தண்ணீர் வேண்டாம்.
கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்ததில்
சுவர்வரை சிவப்பு தெறித்தது.
மூன்று பேர் பிடித்தோம், பதினாலு கிலோவை.
இருபத்தோராம் நிமிடம்
'ஐஸ்கிரீம் தருவேன்னீங்களே' என்றாள்,
நடுவில் எவளோ வந்து போனதுபோல.

அன்று மாலையே அவளுக்கு மறந்துவிட்டது.
அவள் அம்மா மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து
'என்னை யாரென்று நினைத்தாள்?' என்று கேட்டாள்.
மருந்தின் வேலை என்றேன்.
உண்மைதான்.
உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு
அவள் பஸ்ஸுக்கு நின்றதை ஜன்னலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நானும் டாக்டர் ஈவெலிச்சும்
சின்னச் சின்னதாய் மாற்றத் தொடங்கினோம்.

முன்பெல்லாம் கன்னத்தைத் தட்டிப்
பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.
எழுந்திரு ராஜா, எழுந்திரு, முடிந்துவிட்டது.
இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.
பிளாஸ்திரியை உறக்கத்திலேயே உரிக்கிறேன்.
உதட்டு ரத்தத்தை உறக்கத்திலேயே துடைக்கிறேன்.
பாதி விளக்கு. மானிட்டரின் கத்தலைக் குறைத்தாயிற்று.
டாக்டர் வாயுவை நிறுத்தும்போதே
பால்போன்ற அந்த வெள்ளை மருந்தைக் கொஞ்சமாக,
மிக மெதுவாக, கடிகாரம் பார்த்து ஏற்றுகிறார்.
செங்குத்துச் சரிவில்லை, படிக்கட்டு என்பார்.
அம்மாவோ அப்பாவோ
கண் திறப்பதற்கு முன்பே கட்டிலருகே.

இன்று காஸ்பர் ஓயார்சோ, நான்கு வயது.
நேற்றே கேட்டு வைத்தேன்,
எழுந்ததும் முதலில் எதைப் பார்க்கணும்?
'அப்பாவோட கையுறை.'
அப்பா போர்வெனீர் படகில் கயிறு கட்டுபவர்.
காலைப் படகு எட்டரைக்கு. வாய்ப்பில்லை என்றாள் அம்மா.

இரவெல்லாம் காற்று.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ஊரே சபித்த காற்று அது,
நான் மட்டும் சபிக்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு அவர் வந்தார்,
எண்ணெய் நாற்றம், உப்பு, ஆரஞ்சு நிறத்தில்
சுறாத்தோல்போலச் சொரசொரத்த கையுறை.
கழுவட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன், விதிப்புத்தகத்துக்கு முதுகைக் காட்டி.

காஸ்பரின் தாடை நடுங்கியது.
கண் திறந்தது. யாரையும் பார்க்காத அந்தக் கண்.
என் மணிக்கட்டு தானாகப் பின்வாங்கியது.
முதுகு வளைய ஆரம்பித்தது.
அப்பா ஒன்றும் பேசவில்லை,
கையுறையை அவன் மார்பில் வைத்தார், அவ்வளவே.
அவன் முகர்ந்தான்.
கையை முழங்கைவரை அதற்குள் நுழைத்து
மறுபடி தூங்கிப் போனான்.

மருந்தா, விளக்கா, காற்றா, நாற்றமா?
எனக்குத் தெரியாது. டாக்டருக்கும்.
பதிவேட்டில் எழுதினேன்: கலவரம் இல்லை.
நடக்காமல் போனதற்கு அதற்குமேல் கட்டம் கிடையாது.
அந்த அப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்ல
எந்தக் கதையும் இல்லை.
இல்லாத அந்தக் கதைக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

பத்தேகாலுக்கு இரண்டாவது பிள்ளை.
அதே மருந்து, அதே அரை விளக்கு,
அம்மா அருகில், அவளுடைய துணிக்குதிரை அருகில்.
ஜன்னலில் அப்போதுதான் சாம்பல் வெளிச்சம்.
அவள் குதிரையைத்தான் முதலில் எறிந்தாள்.
நான் சட்டைக் கையை மடித்துவிட்டு
அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
'உங்களைத்தான் தேடுகிறாள்' என்றேன்,
'நீங்கள் இங்கேதான் இருப்பது
அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
இருங்கள்.'