இருபத்துப் பத்து

பள்ளி விடுமுறை விட்ட மறுநாள்
குணசீலன் ஸ்பேனரை எடுத்தார்.
வருஷம் முழுக்கத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை ஏற்றும் வேன்.
பின்னால் மூன்று வரிசை இருக்கையையும் கழற்றி
வாசல் ஓரம் அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டார்.
இருக்கை இருந்த இடத்தில்
மெத்தை, கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, மெகி பன்னிரண்டு பொட்டலம்.
சன்னலுக்குக் கைலி.

"கேரவன்!" என்றான் யுகேந்திரன். ஆறு வயது, யூடியூபில் பார்த்திருக்கிறான்.
"லோரி," என்றாள் லிஷா.
"லுமுட்ல ஹோட்டலே இல்லையா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.
இருக்கிறது அக்கா.
இரண்டு ராத்திரிக்கு ஆறு பிள்ளைகளின் ஒரு மாத வேன் கட்டணம்.

சுங்கை சிப்புட்.
சிப்புட் என்றால் நத்தை.
வீட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர்ப் பெயருக்கு ஏற்ற வேகத்தில் கிளம்பினோம்.

கோலகங்சாருக்குள் முதல் வாந்தி.
மானோங்கில் மூத்திரம்.
புருவாசில் மறுபடி மூத்திரம், இம்முறை அடுத்தவன்.
அதற்கப்புறம் செம்பனை.
செம்பனை, செம்பனை, கொஞ்சம் வெளிச்சம்,
மறுபடி செம்பனை.
லிஷா எண்ணிக்கொண்டே வந்தாள்:
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்துப் பத்து.
யாரும் திருத்தவில்லை.
ஆயர் தாவாரில் அப்பா சொன்னார்,
"இந்த ஊருக்கு உப்பில்லாத தண்ணின்னு அர்த்தம்."
"அப்போ கடல் இன்னும் வரல," என்றான் யுகேந்திரன்
தீர்ப்பு மாதிரி.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைச் சாத்துமுன்
அவர் தலைகளை எண்ணினார்.
ஒன்று, இரண்டு, மூன்று, கைக்குழந்தையோடு.
என்னையும் எண்ணினார்.
பதினொரு வருஷப் பழக்கம்,
விரல் தானாக நீள்கிறது.

தெலுக் பாத்தேக்கில் இறங்கினால்
கடல் இல்லை.
சேறுதான், தூரம் வரை. சின்ன நண்டுகள்.
வெகு தொலைவில் ஒரு வெள்ளிக்கோடு.
பக்கெட்டும் கையுமாய் நின்ற லிஷா கேட்டாள்,
"கடலுக்கும் லீவா?"

மாலையில் மழை பிடித்தது.
வேனுக்குள் ஐந்து பேர், ஒரு சட்டி மெகி,
மூச்சில் மங்கிய கண்ணாடி,
அதில் யுகேந்திரன் விரலால் வரைந்த சுறா.
யாரோ யாரையோ உதைத்தார்கள்.
யாரோ அழுதார்கள்; நானாகவும் இருக்கலாம்.
ஹோட்டல் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.

தூக்கத்தில் மட்டும் பேசினார்:
"திவ்யன் ஏறிட்டானா?"
எங்கள் பிள்ளை இல்லை திவ்யன்.
தோட்டத்து முனையில் கடைசியாக ஏறுகிறவன்.
தினம் ஒரு செருப்பைத் தேடிக்கொண்டே ஓடி வருகிறவன்.

நாலு மணிக்குச் சின்னவன் பாலுக்கு எழுந்தான்.
கதவை ஓசையில்லாமல் நகர்த்தி இறங்கினேன்.
மழை விட்டிருந்தது.
கடல் வந்திருந்தது.
வேலை முடிந்து வீடு திரும்பிய ஆள் மாதிரி
இருட்டில் காலைக் கழுவிக்கொண்டிருந்தது,
கார் நிறுத்தும் திட்டின் கடைசிப் படியில்.
இவ்வளவு பக்கத்து ஊரில் பிறந்து
முப்பத்து மூன்று வயதில்
ராத்திரிக் கடலை முதல்முறை பார்க்கிறேன்.
எழுப்பலாம்தான்.
எழுப்பவில்லை.
யாரும் என்னை எண்ணாத இருபது நிமிஷம்
பால் கொடுத்தபடி நின்றேன்.

திரும்பி வந்து
இருக்கைகளை முடுக்குமுன் இரண்டு தடவை பெருக்கினேன்.
தண்ணீர் அடித்தேன்.
மணல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பள்ளி திறந்த அன்று மத்தியானம்
சோறு பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:
திவ்யன் சீட்டுக்கடியில் ஒரு சிப்பி கண்டெடுத்தானாம்.
"யாருது அங்கிள்?"
"உனக்குத்தான், வச்சிக்கோ."
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தானாம்.
"வீட்ல தங்கச்சி உடைச்சிடுவா.
இங்கயே இருக்கட்டும். நான்தான் தினம் வரேனே."

நேற்று வேன் கழுவும்போது
சீட்டுக்கடியில் கைவிட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
சுற்றிக் கழுவினேன்.