பதினொரு மாதத்துக்கு ஒரு தண்ணீர்ப் பம்பு

வெள்ளி இரவு, உட்லண்ட்ஸ் வரிசையில்
முள் சிவப்பை நோக்கி ஏறியபோது
மணிமொழி குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு
சூடுகாற்றை முழுக்கத் திருகினாள்.
எஞ்சினின் காய்ச்சலில் கொஞ்சத்தை
நாம் வாங்கிக்கொண்டால்
அது பிழைத்துக் கிடக்கும் என்றாள்.
முப்பத்தொரு டிகிரியில்
ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்த குடும்பம்
இந்தத் தீவிலேயே எங்களுடையதுதான்.
பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர்
தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
பின்படுக்கையில் தென்றல்
தலையணை நனைய வியர்த்து
விழிக்காமலே கிடந்தாள்.

ஜொகூரைப் பார்க்கவில்லை.
இழுவை லாரி எங்களைத் திருப்பிக்கொண்டுவந்து
ஈசூன் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் இறக்கியது.
அடுப்பும் மடக்குக் கட்டிலும்
இரண்டு பாக்கெட் மேகி மீயும் அப்படியே இருந்தன.

மறுநாள் சின் மிங்கில் வண்டியின் பெயரைச் சொன்னேன்,
சிரித்தார்கள்.
ஊபியில் எஞ்சின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு
பிறகு சிரித்தார்கள்.
காக்கி புக்கிட் மூன்றாம் மாடியில்
திரு சியாவ் மட்டும் சிரிக்கவில்லை.
முன்விளக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார்.

தெர்மோஸ்டாட் கிடைத்தது, ஏதோ படகு எஞ்சினுக்கானது;
எண்பத்திரண்டு டிகிரியில் திறக்கும், அது போதும்.
ரேடியேட்டர் மூடி நான்கு வெள்ளி.
குழாய்தான் பாடுபடுத்தியது.
மூக்கிலிருந்து இருக்கைக்கு அடிவரை
குடல்போல் வளைந்து ஓடும் குழாய்;
லாரிக் குழாயில் விட்டம் சரி, நீளம் சரி,
வளைவு மட்டும் வேறு யாருக்கோ வளைந்திருந்தது.

சுங்கை காடுட்டில், மழை விட்ட மத்தியானம்,
ரோஸ்லான் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.
எங்கள் வண்டி அங்கே நின்றது.
எங்களுடையது இல்லை, அதன் உடன்பிறப்பு:
அதே பச்சை, அதே கூரைக் கதவு,
சக்கரமில்லாமல் மரக்கட்டைமேல்.
அடியில் படுத்து ரோஸ்லான் உருவிய குழாயில்
வெள்ளைப் பெயின்ட்டால் யாரோ
மாற்றிய தேதியை எழுதிவைத்திருந்தார்கள்.
சின்ன எழுத்து. நல்ல கையெழுத்து.
அழிக்க மனம் வரவில்லை.

பம்பு இரண்டு வைத்தார் மேசைமேல்.
ஒன்று ஜப்பான் பெட்டியில்,
ஐந்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.
மற்றது பாதி விலை,
ஒரு வருடம், அப்புறம் உங்கள் அதிர்ஷ்டம்.

எங்களிடம் இருப்பதோ பதினொரு மாதம்.
சிஓஇ-யை ஐந்தாண்டுக்கு நீட்டியாயிற்று,
மறுமுறை நீட்ட வழியில்லை;
அந்தத் தேதி எனக்குத் தென்றலின் பிறந்தநாளைவிட
நன்றாக ஞாபகம் இருக்கிறது.
கணக்குத் தெரிந்தவன் எதை எடுப்பான்?
நான் மலிவானதை எடுத்தேன்.
மணிமொழி அதை என் கையிலிருந்து வாங்கி
மேசைமேல் வைத்துவிட்டு
பணப்பையைத் திறந்தாள்.
அவளிடம் காரணம் கேட்கும் பழக்கம்
எனக்குக் கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று.

ரோஸ்லான்தான் சொன்னார்,
ரசீது எழுதிக்கொண்டே, நிமிராமல்:
தேதி முடிந்ததும் இங்கேயே கொண்டுவாங்க.
பம்பைக் கழற்றி வைக்கிறேன்.
நாலு வருடம் மிச்சம் இருக்குமே,
ஊரில் இன்னும் இரண்டு வண்டி ஓடுது.

திரும்பும் பஸ்ஸில்
பம்பு அவள் மடியில் இருந்தது,
குழாய் என் கழுத்தைச் சுற்றி.
ஒரு பெரியவர் எழுந்து
எனக்கு இடம் கொடுத்தார்.

ஞாயிறு மாலை, கார் நிறுத்தத்தின் சரிவில்
வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தினோம்,
உள்ளே மாட்டிய காற்று மேலேறி வெளியேற.
குழாயைப் பிசையப் பிசைய
பச்சைத் திரவத்தில் குமிழிகள் வந்தன.
தென்றல் எண்ணினாள்: நாற்பது, நாற்பத்தொன்று.
நின்றுவிட்டது என்றோம், இன்னொன்று வந்தது.
நின்றுவிட்டது என்றோம்.

முள் பாதியில் நின்றது.
நின்றே இருந்தது.
தீவைச் சுற்றி ஒரு சுற்று போய்வந்தோம்,
சாங்கி வரைக்கும், ஒன்றும் பேசாமல்,
பாதி வழியில்தான் தெரிந்தது
ஹீட்டரை அணைக்கவே இல்லை என்று.